முதலில் பென்சில், பிறகு கணினி: அகப்பக்கம் வரையக் கற்போம்



உங்கள் கிளையிலோ, ஆலயத்திலோ, கல்லூரி மன்றத்திலோ "ஒரு அகப்பக்கம் செய்யணும்" என்று யாராவது சொன்னால், எல்லாருடைய பார்வையும் உடனே ஒருவர் மேல் போய் நிற்கும். கணினி படிக்கும் பிள்ளை, அல்லது பொறியியல் படிக்கும் பிள்ளை. நான் படிப்பது மின்னியல். ஆனாலும் எங்கள் கிளையில் அந்தப் பார்வை என் மேல்தான் விழுந்தது. "நீ இஞ்சினியரிங்தானே தம்பி, செஞ்சிரு" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த வேலையில் நான் செய்த தவற்றிலிருந்துதான் இந்தப் பாடம் தொடங்குகிறது. அகப்பக்கம் வடிவமைக்கும்போது எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எதை எடுக்கவே வேண்டாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பென்சில் போதும்.

நான் செய்த தவறு

எங்கள் கிளை எஸ்.பி.எம். மாணவர்களுக்கு இலவசப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறது. சனிக்கிழமை காலையில் கணிதமும் கூடுதல் கணிதமும். இடம் 30 பேருக்குத்தான். அதுவரை புலனக் குழுவில் பெயர் எழுதி வந்தோம். அந்த ஆண்டு அகப்பக்கம் வழியாகப் பதியலாம் என்று முடிவானது.

நான் இரண்டு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து மடிக்கணினியில் வரைந்தேன். மேலே நகரும் படங்கள், அழகான எழுத்துரு, வண்ணங்கள் கலந்து வரும் பின்னணி. செயற்குழுக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். பிறகு நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. எதைப் பற்றி? "நீலம் கொஞ்சம் அடர்த்தியா இருக்கு தம்பி" என்றார் பொருளாளர். "சின்னத்தைக் கொஞ்சம் பெருசாக்கலாமே" என்றார் ஓர் அண்ணன். அந்த நாற்பது நிமிடத்தில் ஒருவர்கூட "பேர் கொடுக்கிற இடம் எங்க இருக்கு?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதிவு முடிந்த மறுநாள் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். பாயான் லெப்பாஸில் இரவு வேலை செய்பவர். மகள் படிவம் 5. "தம்பி, மூணு நாளா வேலை முடிஞ்சி வந்து ஹென்பொன்ல அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்க்கிறேன். எங்க பேர் கொடுக்கிறதுன்னே தெரியல. பெரிய பெரிய படமா ஓடுது. இப்ப இடம் முடிஞ்சிருச்சின்னு சொல்றாங்களே?"

உடனே என் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தேன். மடிக்கணினியில் வலப்பக்க மேல்மூலையில் பளிச்சென்று தெரிந்த பதிவுப் பொத்தான், கைத்தொலைபேசியில் மூன்று கோட்டுக் குறிக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. அதைத் தட்டினால் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். அதற்குள் 'புரோகிராம்ஸ்'. அதற்குள் 'டியூஷன்'. அதற்கும் கீழே உருட்டினால்தான் பாரம். அந்த அம்மா எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?

அந்தத் தங்கைக்கு ஜூன் மாதத்தில்தான் ஓர் இடம் காலியானது. நான்கு மாதப் பாடம் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வந்து உட்கார்ந்து படித்தாள். ஆனால் அந்த நான்கு மாதத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அகப்பக்கம் அழகாக இருந்தது; வேலை செய்ய வேண்டிய இடத்தில் வேலை செய்யவில்லை.

மூன்று சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்

இந்தத் துறையில் மூன்று சொற்களைப் பலர் கலந்து பேசுகிறோம். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

வயர்ஃபிரேம் என்பது பக்கத்தின் எலும்புக்கூடு. எது மேலே, எது கீழே, எந்தப் பொத்தான் எங்கே என்பது மட்டும். வண்ணம் இல்லை, படம் இல்லை. படம் வரும் இடத்தில் ஒரு பெட்டி வரைந்து குறுக்கே இரண்டு கோடு போட்டால் போதும்.

மோக்அப் என்பது அந்த எலும்புக்கூட்டுக்குத் தோலும் உடையும் போடுவது. வண்ணம், எழுத்துரு, சின்னம், உண்மையான படங்கள் எல்லாம் இருக்கும். பார்க்க உண்மையான பக்கம் போலவே இருக்கும். ஆனால் தட்டினால் ஒன்றும் நடக்காது.

புரோட்டோடைப் என்பது தட்டிப் பார்க்கக்கூடிய மாதிரி. ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். அது தாளில் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் தம்பிகளுக்கு இது புதிதல்ல. பந்தல்காரர் கூடாரத்தோடு வருவதற்கு முன்பே நாம் சாலையோரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிடுவோம். இங்கே அடுப்பு, இங்கே மோர் வாளி, இந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் குப்பைப் பை. அதுதான் வயர்ஃபிரேம். வாழைமரமும் தோரணமும் கட்டி அலங்கரிப்பது மோக்அப். இரண்டு பேரை வரிசையில் நடக்கவிட்டு "இடிக்குதா பாரு" என்று பார்ப்பது புரோட்டோடைப். கூடாரம் போட்டு முடித்த பிறகு அடுப்பை இடம் மாற்றிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். கோட்டை அழித்துப் போட ஒரு நொடி போதும்.

நான் செய்த தவறு இதுதான்: கோடு போடாமல் நேரே தோரணம் கட்டப் போனேன். அழகான ஒன்றைக் காட்டினால் மக்கள் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. முடிந்துபோன வேலை மாதிரி தெரியும்போது "இதை முழுசா மாத்துங்க" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. கோணல்மாணலான பென்சில் கோட்டைக் காட்டினால் தயங்காமல் கைவைப்பார்கள்.

மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்த மனிதர்

இது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு மட்டும் சொல்லும் எளிய வழி என்று நினைக்க வேண்டாம். 1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி வந்தது. இன்றைய கைத்தொலைபேசிகளுக்கு ஒரு வகையில் முன்னோடி. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது ஒரு மரக்கட்டை. சட்டைப்பையில் நுழையும் அளவுக்கு வெட்டி, அதன்மேல் திரை போலத் தாளை ஒட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் எடுத்துச் சென்றார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, ஒரு குச்சியால் தட்டுவதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எந்த அளவு கைக்கு வசதி, எத்தனை தட்டலில் வேலை முடிய வேண்டும் என்பதெல்லாம் ஒரு மின்சுற்றுகூட இல்லாமல் அவருக்குத் தெரிந்துவிட்டது.

படி 1: வரைவதற்கு முன் கேள்விகளை எழுதுங்கள்

இனி செய்முறைக்கு வருவோம். உதாரணத்துக்கு, பிரத்தியேக வகுப்பு விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் செய்த இரண்டாவது வேலையை எடுத்துக்கொள்கிறேன்: தைப்பூசத்துக்கான ஒரு தகவல் பக்கம்.

பினாங்குத் தைப்பூசம் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குழப்பமானது. நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. 2017 முதல் தங்க ரதமும் உண்டு; அது குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலோடு புறப்படுகிறது. இரண்டும் பூசத்துக்கு முந்தைய நாளே கிளம்பி, பக்தர்கள் தேங்காய் உடைத்து வரவேற்கத் தண்ணீர்மலையை நோக்கி மெதுவாக நகரும். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஏற 500க்கும் மேற்பட்ட படிகள். சாலைகள் மூடப்படும், பந்தல்கள் வரிசையாக நிற்கும், கூட்டம் நெரியும்.

இப்படிப்பட்ட நாளில் ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்து எதைத் தேடுவார்? நாங்கள் ஒரு மாஜோங் தாளைச் சுவரில் ஒட்டி, கேள்விகளாகவே எழுதினோம்:

ரதம் எத்தனை மணிக்குக் கிளம்புது? எந்தச் சாலை மூடியிருக்கு? காரை எங்க விடலாம்? முடியிறக்க எங்க போகணும்? பாட்டிக்குப் படி ஏற முடியாது, அவங்க எங்க உட்காரலாம்? கழிப்பறை எங்க? பிள்ளை காணாமப் போனா யாரைக் கேட்கிறது? உங்க பந்தல் எங்க இருக்கு? நான் வந்து உதவி செய்யலாமா?

கவனியுங்கள், "எங்களைப் பற்றி", "தலைவர் உரை", "எங்கள் நோக்கம்" எதையும் யாரும் கேட்கவில்லை! ஆனால் வழக்கமாக நாம் மேலே போடுவது அவற்றைத்தான்.

கேள்விகளை எழுதியதும் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். அவசரமானது 1, அப்புறம் 2, இப்படி. பிள்ளை காணாமல் போவதைவிட அவசரம் எதுவும் இல்லை. அதற்கு உரிய உதவி எண் பக்கத்தின் எந்த மூலைக்குப் போனாலும் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

படி 2: தாளில் வரையுங்கள், கைத்தொலைபேசி அளவில்

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் கிடைக்கும் நீளப் பட்டை ஏறக்குறைய கைத்தொலைபேசித் திரையின் வடிவத்தில் இருக்கும். அதில் வரையுங்கள். மடிக்கணினிக்கான வடிவத்தைப் பிறகு பார்க்கலாம். சிறிய திரையில் இடம் குறைவு. அதனால் எது முக்கியம் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். பெரிய திரையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடலாம், அதுதான் ஆபத்து.

நான்கு விதிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அழிப்பான் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பட்டையில் வரையுங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே பக்கத்துக்கு மூன்று விதமாவது வரைய வேண்டும். முதலில் வருவது பெரும்பாலும் எங்கோ பார்த்ததன் நகல்.

இரண்டு, உண்மையான சொற்களை எழுதுங்கள். "இங்கே எழுத்து வரும்" என்று நெளிகோடு போடுவது தலைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் கூடாது.

மூன்று, பொத்தான் விரலுக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். ஆப்பிள் தன் வழிகாட்டியில் 44 புள்ளி அகல உயரம் வேண்டும் என்கிறது. கூகுள் 48 என்கிறது. தாளில் உங்கள் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரல் இரண்டு பொத்தான்களை மூடினால் அது சிறிது.

நான்கு, வண்ணப் பென்சிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்களுக்கு ஒரு மாலை நேரமும், தாள், பென்சில், தேநீர் எல்லாம் சேர்த்துப் பத்து ரிங்கிட்டும்கூட ஆகவில்லை.

படி 3: ஐந்து பேரிடம் காட்டுங்கள்

இதுதான் பாடத்தின் உயிர். வரைந்ததை உங்களைப் போன்ற மாணவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களிடம் காட்டுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? பயன்பாட்டு ஆய்வில் பெயர் பெற்ற ஜேகப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், ஐந்து பேரிடம் சோதித்தாலே சுமார் 85 விழுக்காட்டுச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். நூறு பேரிடம் ஒரே தடவை சோதிப்பதைவிட, ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் சோதிப்பது நல்லது என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர்: லிட்டில் இந்தியாவில் பூ கட்டும் ஓர் ஆண்டி, வாடகைக் கார் ஓட்டும் ஓர் அங்கிள், படிவம் 3 மாணவன் ஒருவன், தமிழ் மட்டுமே படிக்கும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத என் கல்லூரித் தோழி.

செய்யும் முறை எளிது. தாளை அவர்கள் முன் வையுங்கள். "இது ஹென்பொன்னுன்னு வெச்சுக்குங்க. உங்க காரை எங்க விடலாம்னு பார்க்கணும். எங்க தட்டுவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் விரலால் தட்டும் இடத்துக்கு ஏற்ப அடுத்த தாளை நீங்கள் மாற்றி வையுங்கள். கணினியின் வேலையை நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: வாயைத் திறக்கக் கூடாது. "அங்க இல்ல ஆண்டி, கீழ பாருங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் சோதனை கெட்டது. தைப்பூசத்தன்று நீங்கள் அவர் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

என்ன கண்டுபிடித்தோம் தெரியுமா? 'போக்குவரத்து' என்று நாங்கள் எழுதிய பொத்தானைப் பார்த்து, கார் ஓட்டும் அங்கிளே "இது பஸ் டைம் தானே?" என்றார். அதைச் 'சாலை மூடல்' என்று மாற்றினோம். தாத்தா பொத்தானைத் தொடவே இல்லை, ரதத்தின் படம் வரும் பெட்டியைத்தான் தட்டினார். அவருக்கு ரதம் பற்றித் தெரிய வேண்டும், ரதத்தைத் தட்டினார். நியாயம்தானே! அந்தப் பெட்டியையே பொத்தானாக்கினோம். பூ கட்டும் ஆண்டி "இதுல எந்த ரதம்? ரெண்டு இருக்கே" என்று கேட்டார். நாங்கள் இரண்டின் நேரத்தையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தோம். தோழிக்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து மலாய்ப் பக்கத்துக்கு மாறும் வழி தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பொத்தானில் 'மொழி' என்று தமிழிலேயே எழுதியிருந்தோம்! தமிழ் படிக்காதவருக்குத் தமிழில் வழிகாட்டி.

ஒரு மாலை நேரத்தில் நான்கு பெரிய பிழைகள். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

படி 4: இப்போது கருவியைத் தேர்ந்தெடுப்போம்

தாளில் வடிவம் உறுதியான பிறகே கணினி. "எது சிறந்த கருவி?" என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பணம் கட்ட வேண்டுமா? இணையம் இல்லாமல் வேலை செய்யுமா? இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருத்த முடியுமா? தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா? ஓர் மாலைக்குள் கற்றுக்கொள்ள முடியுமா?

கூகுள் ஸ்லைட்ஸ் அல்லது பவர்பாயிண்ட்: சிரிக்காதீர்கள். எல்லாரிடமும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். பக்க அளவைக் கைத்தொலைபேசி போல நெட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பென்சில் வரைபடங்களைப் படமெடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றாகப் போடுங்கள். பொத்தான் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்து, அதற்கு இன்னொரு பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். இதோ, தட்டிப் பார்க்கும் புரோட்டோடைப் தயார். அரை மணி நேர வேலை.

எக்ஸ்காலிட்ரா: உலாவியிலேயே திறக்கும் வரைபலகை. 2020இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம், இலவசம். கணக்குத் திறக்காமலேயே வரையத் தொடங்கலாம். இதில் போடும் கோடுகள் கையால் வரைந்தது போலக் கொஞ்சம் கோணலாகவே வரும். அதுதான் இதன் பலம். பார்ப்பவர்களுக்கு "இது இன்னும் முடியவில்லை, மாற்றலாம்" என்று அது சொல்லிவிடும்.

பால்சாமிக்: இதே எண்ணத்தில் 2008இல் பெல்டி குயிலிசோனி என்பவர் தொடங்கியது. பொத்தான், பட்டியல், பாரம் எல்லாம் பென்சில் கோட்டு வடிவில் தயாராக இருக்கும். இழுத்து வைத்தால் போதும். வயர்ஃபிரேமுக்கென்றே பிறந்த கருவி. ஆனால் கட்டணம் உண்டு. கிளை நிதியில் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

பென்சில் புரொஜெக்ட்: கணினியில் நிறுவிக்கொள்ளும் திறந்த மூல மென்பொருள். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். தோற்றம் கொஞ்சம் பழசு. விடுதியில் இணையம் மெதுவாக இருப்பவர்களுக்கு உதவும்.

பென்பாட்: மோக்அப் வரைக்கும் போகலாம். ஸ்பெயினைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய திறந்த மூலக் கருவி, உலாவியில் ஓடும். வேண்டுமானால் நம் சொந்தச் சேவையகத்திலும் நிறுவிக்கொள்ளலாம்.

ஃபிக்மா: இன்று வேலை இடங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். 2012இல் டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் தொடங்கினார்கள், 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் வேலை செய்யலாம். இலவசத் திட்டம் உண்டு, கட்டுப்பாடுகளோடு. மாணவர்களுக்குத் தனிக் கல்வித் திட்டமும் உண்டு. வடிவமைப்பை வேலையாக எடுக்க நினைப்பவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இதைத் திறந்தவுடன் வண்ணமும் நிழலும் கூப்பிடும். எலும்புக்கூடு முடியும்வரை கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

கான்வா: சுவரொட்டிக்கு அருமை. அகப்பக்கத்தின் எலும்புக்கூட்டுக்கு என் பரிந்துரை இல்லை. அது கொடுக்கும் வார்ப்புருக்கள் எல்லாம் தோரணம் கட்டி முடித்த பந்தல்கள். நான் முதலில் விழுந்த பள்ளத்தில் நீங்களும் விழுவீர்கள்.

எனக்கு ஒரே ஒரு சேர்க்கை சொல்லுங்கள் என்று கேட்டால்: தாள், பிறகு எக்ஸ்காலிட்ரா, தேவைப்பட்டால் மட்டும் பென்பாட் அல்லது ஃபிக்மா. கிளை வேலைக்கு இது தாராளம்.

தமிழுக்கென்று சில சோதனைகள்

நம் அகப்பக்கங்களில் தமிழ் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டு, "அப்புறம் தமிழ் போட்டுக்கலாம்" என்போம். அப்போதுதான் எல்லாம் உடையும். காரணங்களைப் பார்ப்போம்.

நீளம்: ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று ஒரு சின்னச் சொல், தமிழில் 'முகப்பு'. அது பரவாயில்லை. ஆனால் 'ஜாயின்' என்பதற்கு 'இணைந்துகொள்ளுங்கள்' என்று எழுதினால் பொத்தான் பிதுங்கும். அதனால் மிக நீளமான மொழியை வைத்தே பொத்தானை வரையுங்கள். தமிழ் அடங்கினால் பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமும் அடங்கும்.

உயரம்: தமிழ் எழுத்துகள் மேலேயும் கீழேயும் நீளும். 'கீ' மேலே சுழிக்கும், 'கூ', 'து' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும். இடைவெளியைக் கூட்டுங்கள்.

பெரிய எழுத்து: ஆங்கிலத்தில் தலைப்பை முழுப் பெரிய எழுத்தில் போட்டு அழுத்தம் காட்டலாம். தமிழில் அப்படி ஒன்று இல்லை. அளவாலோ தடிமனாலோதான் காட்ட வேண்டும். இதை வயர்ஃபிரேமிலேயே யோசியுங்கள்.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். தமிழ் எழுத்துகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒழுங்காகத் தெரிய உழைத்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு தமிழைப் படமாக மாற்றி ஒட்டுவது சரியா? படமாக ஒட்டினால் தேடுபொறிக்கும் தெரியாது, பெரிதாக்கினால் மங்கிவிடும், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளாலும் படிக்க முடியாது.

எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் நிமிடத்தில் இந்த நான்கு சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள்: ஸ்ரீ, கௌமாரம், தொடர்பு, கூட்டம். கொம்பு தனியாகப் பிரிந்தாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ அந்தக் கருவியை மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள்.

இன்னொன்று: வடிவமைப்பாளர்கள் நிரப்புவதற்குப் பயன்படுத்தும் 'லோரெம் இப்சம்' என்ற இலத்தீன் எழுத்து, சிசெரோ என்ற ரோமானியர் கி.மு. 45இல் எழுதிய நூலிலிருந்து சிதைத்து எடுத்தது. நமக்கு அது ஒன்றையும் சொல்லாது. உங்கள் கிளையின் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துப் போடுங்கள். உண்மையான தமிழ் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

கருவியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்

நான் இந்தத் துறைக்குள் எட்டிப் பார்த்த சில ஆண்டுகளிலேயே எவ்வளவு மாறிவிட்டது! 2022 செப்டம்பரில் ஃபிக்மாவை 20 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடோபியின் எக்ஸ்.டி. கருவி 2023இல் தனி விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஒரு காலத்தில் வடிவமைப்பாளர்கள் எல்லாரும் பேசிய இன்விஷன், 2024 இறுதியில் தன் வடிவமைப்புச் சேவைகளை மூடியது.

இதிலிருந்து இரண்டு பழக்கங்கள். முதலாவது, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆகவும் படமாகவும் இறக்கி, கிளையின் பொதுக் கோப்புறையில் வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் வைத்துவிட்டு மேல்படிப்புக்குப் போய்விட்டால், அடுத்து வரும் தம்பி தங்கை வெறும் கையோடு நிற்பார்கள். இரண்டாவது, பென்சில் வரைபடங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் அப்படி வடிவமைத்தோம் என்ற காரணம் அங்கேதான் இருக்கும்.

பிறகு என்ன ஆனது?

தைப்பூசப் பக்கம் வண்ணமயமாக இல்லை. வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, ஆறு பொத்தான்கள். செயற்குழுவில் காட்டியபோது இந்த முறை நான் திரையில் போடவில்லை. தாள்களை மேசையில் பரப்பி ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தேன். நீலத்தைப் பற்றிப் பேசிய அதே பொருளாளர், பென்சிலை எடுத்து உதவி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "தம்பி, இது எல்லாப் பக்கத்துலயும் மேல வரணும். கூட்டத்துல கை நடுங்கும், தேடிக்கிட்டு இருக்க முடியாது" என்றார். அவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் பந்தலில் நின்றவர். அவரிடம் இருந்த அறிவை முதல் தடவை நான் கேட்கவே இல்லை. வண்ணத்தைக் காட்டியதால் வண்ணத்தைச் சொன்னார்.

பிரத்தியேக வகுப்புப் பக்கத்தையும் மறுபடி தாளில் வரைந்தேன். இப்போது திறந்தவுடன் தமிழில் ஒரே வாக்கியம்: 'பெயர் பதிய இங்கே தட்டுங்கள்.' அதன் கீழே கடைசி நாள். அதன் கீழே, தட்டினால் நேரே அழைப்புப் போகும் தொலைபேசி எண். வரைந்து முடித்ததும் முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? பாயான் லெப்பாஸில் இரவு வேலை செய்யும் அந்த அம்மாவிடம்தான். தாளைக் கையில் வாங்கினார், ஒரு நொடிகூடத் தயங்காமல் விரலை வைத்தார். "இப்படி இருந்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே தம்பி" என்றார். தலைகுனிந்து "ஆமாம்மா" என்றேன்.

உங்களுக்கான பயிற்சி

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் இதைச் செய்து பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் நல்லது.

1. உங்கள் கிளை அல்லது ஆலயத்தின் ஏதாவது ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். சமய வகுப்பு, இரத்த தானம், பொங்கல் விழா, எதுவானாலும் சரி. வருகிறவர் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை எழுதி, அவசரத்துக்கு ஏற்ப எண் போடுங்கள்.

2. ஏ4 தாளை மூன்றாக மடித்து, ஒரே பக்கத்தை மூன்று விதமாக வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்தான். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஐந்து பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவராவது அறுபது வயதுக்கு மேற்பட்டவர், ஒருவராவது தமிழ் படிக்கத் தெரியாதவர். அவர்கள் தட்டிய இடங்களைப் புள்ளி வைத்துக் குறியுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

4. புள்ளிகளைப் பார்த்து ஒரு தடவை திருத்தி வரையுங்கள்.

5. அதன் பிறகு மட்டும் எக்ஸ்காலிட்ராவைத் திறந்து, திருத்திய வடிவத்தைப் போடுங்கள். கறுப்பு வெள்ளையில்.

ஐந்தாவது படியை முடித்தவர்கள் தங்கள் பென்சில் தாள்களைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கோணலாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். என்னுடையவை இன்னும் மோசம்.